கோபாலஸ்வாமி அய்யங்காரின் உத்தியோக ஜீவியம்

லண்டனில் பரீட்சை தேறிக் கப்பலேறி வந்த ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்களே ஜில்லாக்களை ஆளத் தகுந்தவர்கள் என்ற எண்ணம் சென்னை ராஜதானியில் வேரூன்றியிருந்த காலத்தில், மாகாண சர்வீஸ் என்னும் இரண்டாம் படியிலே, டிப்டி கலெக்டராக, 1905-ஆம் ஆண்டில் காலடி எடுத்து வைத்த தஞ்சாவூர் ஜில்லா இளைஞர் ஒருவர், பிற்காலத்தில் காஷ்மீர சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகவும், இந்திய அரசியல் சட்டத்தை வரைந்த குழுவின் அங்கத்தினராகவும், ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் நம் தேசத்தின் முறையீட்டை எடுத்துரைத்த தூதுகோஷ்டியின் தலைவராகவும், சுதந்திர இந்தியாவின் ரயில்வே மந்திரியாகவும், கடைசியில் பாதுகாப்பு மந்திரியாகவும் விளங்கினார். அவர் என். கோபாலஸ்வாமி அய்யங்கார். 1882-ஆம் வருஷம் மார்ச் 31-ஆம் தேதி பிறந்து, சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று, சிறிது காலம் பச்சையப்பன் கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, சர்க்கார் சேவகத்தில் பிரவேசித்தவர். ஜனத்திரளைக் கவரும் பிரசங்கி என்றோ, சிறை சென்ற தியாகி என்றோ, கட்சித் தலைவர் என்றோ அவரை யாரும் சொன்னதில்லை. ஆயினும், இன்றைக்கும் நம்முடைய ராஜீய வாழ்வைக் கட்டுப்படுத்துகிற சில வாக்கியங்கள் அவருடைய பேனாவிலிருந்து பிறந்தவை. சிக்கலான விவகாரம் ஒன்றைப் பிரித்துப் பத்திகளாக அடுக்கி, எதைச் சொல்ல வேண்டுமோ அதற்கு மேலும் கீழும் போகாதபடி வாசகம் அமைக்கும் வித்தையே அவருடைய ஆயுட்காலச் செல்வம். அந்த வித்தை எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று பார்ப்பதுதான் அவருடைய சரித்திரத்தைப் படிக்கும் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வித்தை கற்ற இடம் ரெவினியூ கச்சேரி. சென்னை ராஜதானியில் ஒரு டிப்டி கலெக்டர் வருஷத்தின் பெரும்பகுதியை முகாமில் கழிப்பார். ஜமாபந்திக்கு உட்கார்ந்தால், கர்ணம் எழுதிக்கொண்டுவந்த அடங்கலையும் சிட்டாவையும் வரிக்கு வரி சரிபார்த்து, எந்தச் சர்வே நம்பரில் எவன் பயிரிட்டான், எந்த வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய்ந்தது, எவ்வளவு தீர்வை தள்ளுபடியாக வேண்டும் என்பதையெல்லாம் அங்கேயே தீர்க்க வேண்டும். எதிரே நிற்கும் குடியானவனுக்கு அது ஜீவனப் பிரச்னை. எழுதப்படும் உத்தரவில் ஒரு சொல் பிசகினால் அடுத்த ஜமாபந்தி வரையில் அவன் அலைய வேண்டும். ஆபீசுக்குத் திரும்பினால் ஒவ்வொரு விஷயத்துக்கும் இரண்டு கோப்புகள். வந்த கடிதமும் போன பதிலும் நடப்புக் கோப்பில் கிடக்கும். யோசனையும் அபிப்பிராயமும் குறிப்புக் கோப்பில் ஏறும். குமாஸ்தா பத்திகளுக்கு எண்ணிட்டு எழுதிய குறிப்பின் அடியில் மேலதிகாரிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கருத்தைச் சேர்த்துக்கொண்டு போக, கடைசியில் உத்தரவு போடுகிறவர் அத்தனையையும் படித்து, வேண்டாததைத் தள்ளி, இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிவைச் சொல்ல வேண்டும். இந்தச் சாதகத்தைப் பல வருஷங்கள் செய்தவர்களில் பெரும்பாலோர் வெறும் காகிதப் பூச்சிகளாகிவிட, அபூர்வமாகச் சிலர் விவகாரத்தின் முடிச்சு எங்கே இருக்கிறதென்று முதற் பார்வையிலேயே காணும் கண் படைத்தவர்களாகிறார்கள். கோபாலஸ்வாமி அய்யங்கார் அந்தச் சிலரில் ஒருவர்.

1920-ஆம் ஆண்டில் சென்னை சட்டசபை ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தையும் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தையும் நிறைவேற்றியபோது, அவற்றைக் காகிதத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோகும் பொறுப்பு, பஞ்சாயத்துகளின் ரிஜிஸ்டிரார் ஜெனரல் என்ற புதிய பதவியின் மூலமாக அவரை வந்தடைந்தது. ராமநாதபுரம் ஜில்லாவிலும் குண்டூர் ஜில்லாவிலும் அநேக பஞ்சாயத்துகள் அக்காலத்தில் அமைக்கப்பட்டன. பின்பு அவர் அனந்தப்பூர் ஜில்லாவுக்குக் கலெக்டரானார். மழை பொய்ப்பதையே வழக்கமாகக் கொண்ட அந்த ராயலசீமைப் பிரதேசத்தில்தான், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்னதாக, தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையைப் பரீட்சித்துப் பார்த்தார். அதற்கப்புறம் மராமத்து இலாகாவின் காரியதரிசி, ரெவினியூ போர்டின் அங்கத்தினர் என்று, மாகாண சர்வீஸில் சேர்ந்த ஒருவர் எட்டக்கூடிய சிகரத்தை அவர் எட்டினார். இவ்வளவும் ஒரு கண்ணியமான உத்தியோகஸ்தருக்குப் போதும். பென்ஷன் வாங்கிக்கொண்டு மைலாப்பூரில் ஓய்வெடுக்க வேண்டிய ஐம்பத்தைந்தாவது வயதில் அவருடைய இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது.

1937-ஆம் ஆண்டில் மகாராஜா ஹரி சிங் அவரைக் காஷ்மீரத்தின் பிரதம மந்திரியாக அழைத்துக்கொண்டார். கோடையில் ஸ்ரீநகரிலும் குளிர்காலத்தில் ஜம்முவிலும் தர்பார் நடந்த, பிரஜைகளில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்களாகவும் அரசர் டோக்ரா ஹிந்துவாகவும் இருந்த அந்தச் சமஸ்தானத்தில், 1931-ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பிறகு நிர்வாகத்தின்மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை பெரிதும் குலைந்துபோயிருந்தது. 1934-ல் ஏற்பட்ட பிரஜா சபை என்னும் சட்டசபையில் எழுபத்தைந்து அங்கத்தினர்களுக்கு முப்பத்து மூவரே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அய்யங்கார் காலத்தில், 1939-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின்படி, அந்தத் தொகை நாற்பதாயிற்று. அமைப்பில் அழகான சட்டம் அது. மந்திரிசபை, சட்டசபை, ஹைக்கோர்ட் ஆகிய ஒவ்வொன்றின் அதிகாரத்தையும் வரையறுத்தது. ஆனால் ஆட்சியின் சாவி மகாராஜாவின் இடுப்பிலேயே தொங்கியது. பொறுப்பாட்சி கேட்டு 1938-ல் கிளர்ச்சி செய்த ஷேக் அப்துல்லாவையும் அவருடைய சகாக்களையும் சிறையில் அடைத்ததும் அய்யங்காருடைய சர்க்கார்தான். நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார், நேர்மையாக நடத்தினார் என்ற புகழ் அவருக்கு நியாயமாகவே உரியது. ஜனங்கள் கேட்டதற்கும் மகாராஜா கொடுக்க இசைந்ததற்கும் இடையிலிருந்த பள்ளத்தை எந்த வாசகத்தாலும் நிரப்ப முடியாது என்பதை அவர் அங்கேதான் கண்டிருக்க வேண்டும். ஆறு வருஷங்களுக்குப்பின் 1943-ல் பதவியை விட்டு, டில்லியில் கவுன்ஸில் ஆஃப் ஸ்டேட் என்ற அன்றைய மேல்சபையில் அங்கத்தினரானார்.

சுதந்திரம் வந்தபோது அய்யங்காருக்கு அறுபத்தைந்து வயது. 1947 ஆகஸ்ட் 29-ல் அரசியல் நிர்ணய சபை டாக்டர் அம்பேத்காரின் தலைமையில் எழுவர் கொண்ட வரைவுக் குழுவை நியமித்தபோது, அல்லாடி கிருஷ்ணஸ்வாமி அய்யருடன் இவரும் அதில் இடம் பெற்றார். அதே வருஷக் கடைசியில், இலாகா இல்லாத மந்திரியாக நேருவின் மந்திரிசபையில் சேர்ந்து, காஷ்மீர விவகாரத்தைக் கவனிக்கத் தொடங்கினார். சமஸ்தானங்களின் இலாகாவோ சர்தார் படேலின் வசம் இருந்தது. காஷ்மீரத்துக்கு மோட்டார் வண்டிகள் அனுப்புவது சம்பந்தமாக அய்யங்கார் கிழக்குப் பஞ்சாப் சர்க்காருக்கு நேரே தந்தி கொடுத்ததைப் படேல் ஆட்சேபிக்க, அந்தச் சிறு விஷயம் 1947 டிசம்பரில் நேருவுக்கும் படேலுக்கும் இடையே ராஜிநாமாப் பேச்சு எழும் அளவுக்குப் பெரிதாயிற்று. இருவருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட அய்யங்கார்மேல் எனக்கு அனுதாபமே உண்டு. யாருடைய இலாகா எது என்று எழுதிவைக்கப்படாத இடத்தில் வேலை செய்யும்படி விதிக்கப்பட்டது, எல்லாவற்றையும் எழுதிவைத்தே பழகிய ஒரு மனிதருக்கு!

1948 ஜனவரி முதல் தேதி, ஐக்கிய நாடுகளின் சாசனத்து 35-ஆவது ஷரத்தின் கீழ் இந்தியாவின் முறையீடு பாதுகாப்புச் சபையை அடைந்தது. நியூயார்க்குக்கு அருகே லேக் சக்ஸெஸ் என்னும் இடத்தில், யுத்தகாலத்தில் கருவிகள் செய்த ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் அப்போது அந்தச் சபை கூடிவந்தது. தூதுகோஷ்டியின் தலைவராக அய்யங்கார் சென்றார். உடன் சென்றவர்களில் சட்ட நிபுணர் ஸெதல்வாட் ஒருவர், ஷேக் அப்துல்லா மற்றொருவர். பத்து வருஷங்களுக்கு முன் எந்தப் பிரதம மந்திரியின் ஆட்சியில் சிறைப்பட்டாரோ, அதே பிரதம மந்திரியின் பக்கத்திலே அமர்ந்து, அதே காஷ்மீரத்துக்காக அப்துல்லா உலக சபையில் பேச நேர்ந்தது. இருவரும் பழைய கணக்கைப் பேசிக்கொண்டிருக்கவில்லை என்பது இருவருக்கும் பெருமை.

ஜனவரி 15-ல் அய்யங்கார் பேசினார். எல்லைப்புறக் கூட்டத்தார் பாகிஸ்தானின் நிலத்தின் வழியாகவும் அதன் உதவியோடும் படையெடுத்து வந்ததையும், மகாராஜா இந்தியாவுடன் சேர்ந்ததையும், அமைதி திரும்பியபின் ஜனங்களின் விருப்பத்தை அறிவதாக இந்தியா தானே வாக்களித்ததையும் வரிசைக்கிரமமாகச் சொல்லி, பாகிஸ்தான் அந்த உதவியை நிறுத்த வேண்டும் என்ற ஒரே பரிகாரத்தைக் கேட்டார். நல்ல ரெவினியூ குறிப்புப் போலவே இருந்தது அது: விவாதத்துக்குரிய விஷயம் ஒன்று, அதற்கான ஆதாரம் இவ்வளவு, வேண்டிய உத்தரவு இது. மறுநாள் எழுந்த பாகிஸ்தான் பிரதிநிதி ஸர் முகம்மது ஜஃப்ருல்லா கானோ, ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பேசி, பஞ்சாபின் ரத்தக்களரியையும் ஜூனாகட்டையும் பிரிவினையின் ஒவ்வொரு மனத்தாங்கலையும் காஷ்மீரத்தோடு சேர்த்துப் பின்னி, வழக்கையே வேறொரு வழக்காக மாற்றிவிட்டார். ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதியாக இருந்த அந்த மனிதர், நீதிபதிகள் அல்லாத ஒரு சபையின் முன் எப்படி வாதாட வேண்டும் என்பதை நன்றாக அறிந்திருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் நிகழ்ச்சி நிரலில் 'ஜம்மு காஷ்மீர விவகாரம்' என்றிருந்த தலைப்பு, 'இந்திய பாகிஸ்தான் விவகாரம்' என்று மாறியது. பிரிட்டிஷ் பிரதிநிதி நோயல் பேக்கரின் போக்கும் நமக்கு அனுகூலமாக இல்லை. தூதுகோஷ்டி அங்கே இருக்கும்போதே, ஜனவரி 30-ல், டில்லியில் மகாத்மா சுட்டுக் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தது. பிப்ரவரியில் விவாதத்தை ஒத்திவைக்கச் சொல்லி, யோசனை கலப்பதற்காக அய்யங்கார் தாயகம் திரும்பினார். ஏப்ரல் 21-ல் நிறைவேறிய தீர்மானம் இந்தியா கேட்டதிலிருந்து வெகு தூரம் விலகியிருந்தது.

இந்தத் தோல்வி முழுவதையும் அவர் தலையில் கட்டியவர்கள் உண்டு. அது அநியாயம். வல்லரசுகள் தத்தம் லாப நஷ்டங்களை முன்னதாகவே எடைபோட்டு வைத்திருந்தன. எந்த நாவன்மையும் அந்தத் தராசை முழுவதும் சாய்த்திருக்காது. எனினும், உண்மையைச் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் சொல்லிவிட்டால் போதும், உத்தரவு போடுகிறவர் நியாயத்தைக் கண்டுகொள்வார் என்ற ரெவினியூ போர்டு விசுவாசம் லேக் சக்ஸெஸில் செல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தாயகத்தில் அந்த விசுவாசத்துக்குப் பங்கம் வரவில்லை. அதற்கு இரண்டு சான்றுகள் காட்டலாம். முதலாவது தமிழர்கள் மறக்கக்கூடாதது. அரசியல் நிர்ணய சபையைப் பிளந்துவிடுமோ என்று அஞ்சும்படி வளர்ந்த பாஷைப் பிரச்னையில், ஹிந்திதான் வேண்டும், எண்களும் தேவநாகரி எண்களாகவே இருக்க வேண்டும், ஆங்கிலம் விரைவில் போய்விட வேண்டும் என்று வட இந்திய அங்கத்தினர் பலர் வற்புறுத்தினர். தென்னாட்டார் எதிர்த்து நின்றனர். கே.எம். முன்ஷியுடன் சேர்ந்து அய்யங்கார் ஒரு சமரசத் திட்டத்தை வரைந்து, 1949 செப்டம்பர் 12-ல் சபையில் பிரேரேபித்தார். தேவநாகரி லிபியில் எழுதப்படும் ஹிந்தி யூனியனின் ஆட்சிமொழி. எண்கள் சர்வதேச உருவில் இருக்கும். பதினைந்து வருஷங்களுக்கு ஆங்கிலம் தொடரும். சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைக்கோர்ட்டுகளிலும் ஆங்கிலம் நிலைக்கும். மூன்று நாள் விவாதத்துக்குப்பின் 14-ஆம் தேதி இரவு சில திருத்தங்களோடு அது அங்கீகாரம் பெற்றது. இருதரப்பாரும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுக்கொண்ட இந்த ஏற்பாட்டில் ஓர் உட்பிரிவு உண்டு. பதினைந்து வருஷம் கழிந்த பின்னும் குறிப்பிட்ட காரியங்களுக்கு ஆங்கிலத்தை உபயோகிக்கப் பார்லிமெண்ட் சட்டம் செய்யலாம் என்பது அது. கெடு முடியும் தறுவாயில், 1963-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் அந்த உட்பிரிவின்மேல்தான் நின்றது. 1965-ல் தமிழ்நாடு பற்றியெரிந்தபின், 1967-ல் ஆங்கிலத்துக்குச் சட்டபூர்வமான உறுதி அளிக்கப்பட்டதும் அதே அஸ்திவாரத்தில்தான். அந்த ஒரு வாசலைத் திறந்து வைத்திராவிட்டால், அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்திருக்கும். அதற்கு வேண்டிய பெரும்பான்மை அன்றைய சூழ்நிலையில் கிடைத்திருக்குமா என்பது பெருத்த சந்தேகம்.

இரண்டாவது சான்று, மாதம் ஒன்று கழித்து, 1949 அக்டோபர் 17-ல் அவர் பிரேரேபித்த 306-ஏ ஷரத்து. பிற்பாடு 370 என்று எண் பெற்றது. காஷ்மீரத்துக்கு மட்டும் ஏன் இந்த வித்தியாசம் என்று மௌலானா ஹஸ்ரத் மோஹானி குறுக்கிட்டுக் கேட்டார். அங்கே யுத்தம் நடந்து சமீபத்தில்தான் ஓய்ந்திருக்கிறது, சமஸ்தானத்தின் ஒரு பகுதி இன்னும் எதிரிகளின் கையில் இருக்கிறது, விவகாரம் ஐக்கிய நாடுகளிடம் சிக்கிக் கிடக்கிறது, அந்த ராஜ்யத்தின் நிர்ணய சபை இனிமேல்தான் கூட வேண்டும் என்று காரணங்களை ஒவ்வொன்றாக அய்யங்கார் விளக்கினார். இணைப்புப் பத்திரத்தில் அடங்கிய விஷயங்களுக்கு ராஜ்ய சர்க்காரோடு ஆலோசனை, மற்றவற்றுக்கு அதன் சம்மதம், அந்தச் சம்மதத்துக்கு நிர்ணய சபையின் அங்கீகாரம், ஷரத்தையே முடிவுகட்ட நிர்ணய சபையின் சிபாரிசு என்று படிப்படியாக அமைந்த ஏற்பாடு அது. அதன் ஒரு விளக்கத்தில், மகாராஜாவின் 1948 மார்ச் பிரகடனப்படி நியமிக்கப்பட்ட மந்திரிசபை என்றிருந்ததை, அப்போதைக்கு அதிகாரத்திலிருக்கும் மந்திரிசபை என்று கடைசி நேரத்தில் மாற்றிவிட்டதாக ஷேக் அப்துல்லா மிகவும் கோபங்கொண்டார். சிறு மாற்றந்தானே என்று அய்யங்கார் சமாதானம் கூறினார். சிறு மாற்றம் என்று நான் நினைக்கவில்லை. 1953 ஆகஸ்டில் அப்துல்லா காஷ்மீரப் பிரதம மந்திரிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டு வேறொருவர் அந்த ஸ்தானத்தில் அமர்ந்தபோது, புதிய மந்திரிசபையின் சம்மதமே ராஜ்யத்தின் சம்மதமாகச் செல்லுபடியானது அந்தச் சொற்களால்தான். 2019 ஆகஸ்டில் 370-ஆவது ஷரத்தின் பலன்கள் நீக்கப்பட்டபோதும், 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அதைச் செல்லும் என்று தீர்த்தபோதும், வாதம் பெரும்பாலும் சுழன்றது, நிர்ணய சபையின் சிபாரிசைக் கோரி அய்யங்கார் எழுதிய மூன்றாவது உட்பிரிவைச் சுற்றித்தான்.

ரயில்வே மந்திரியாக அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு சில வாக்கியங்கள் போதும், ஏனெனில் அது எல்லோருடைய கண்முன்னும் நிற்கிறது. கம்பெனிகளிடமிருந்து வந்தவையும் சமஸ்தானங்களுக்குச் சொந்தமாயிருந்தவையுமாக நாற்பதுக்கு மேற்பட்டுச் சிதறிக் கிடந்த ரயில்வேக்களை ஆறு மண்டலங்களாக அவர் தொகுத்தார். மதராஸ் அண்டு ஸதர்ன் மராட்டா, ஸௌத் இந்தியன், மைசூர் ஆகிய மூன்றும் இணைந்து 1951 ஏப்ரல் 14-ல் உதித்த தென்னக ரயில்வே அவற்றுள் முதலாவது. நவம்பரில் மத்திய, மேற்கு ரயில்வேக்களும், மறு வருஷம் ஏப்ரல் 14-ல் மற்ற மூன்றும் பிறந்தன. இதற்கிடையே, 1949-ல், மத்திய சர்க்காரின் இலாகாக்களைச் சீரமைப்பது பற்றிய அவருடைய அறிக்கையும் வெளிவந்தது.

1952-ல் பாதுகாப்பு மந்திரியாகி, அந்த ஆகஸ்டில் காஷ்மீரப் பேச்சுக்காக ஜினீவாவுக்குச் சென்றார். ஐக்கிய நாடுகளின் பிரதிநிதி டாக்டர் ஃபிராங்க் கிரஹாமின் முன்னிலையில், எதிரே மீண்டும் அதே ஜஃப்ருல்லா கான். இம்முறை பேச்சு சேனைகளின் தொகையைப் பற்றியது: போர்நிறுத்த எல்லைக்கு இப்பால் எத்தனை ஆயிரம் பேர், அப்பால் எத்தனை ஆயிரம் பேர் என்று. இரண்டு வாரத்துக்கு மேல் பேசியும் முடிவு ஏற்படவில்லை. 1953 பிப்ரவரி 10-ல், பதவியிலிருக்கும்போதே, சென்னையில் அவர் காலமானார்.

அவருடைய குமாரர் ஜி. பார்த்தசாரதி பத்திரிகைத் தொழிலிலிருந்து ராஜதந்திரத் துறைக்கு வந்து, சீனாவில் தூதராகவும், பாகிஸ்தானில் ஹைகமிஷனராகவும், 1965 முதல் ஐக்கிய நாடுகளில் இந்தியாவின் பிரதிநிதியாகவும் பணிபுரிந்தார். 1974 நவம்பரில், அப்துல்லாவின் சார்பில் மிர்ஸா அஃப்ஸல் பேக்கும் இந்திரா காந்தியின் சார்பில் பார்த்தசாரதியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் விளைவாக, மறு வருஷம் பிப்ரவரியில் ஷேக் அப்துல்லா மீண்டும் காஷ்மீர ஆட்சிக்கு வந்தார். ஜம்மு காஷ்மீரம் 370-ஆவது ஷரத்தின்படியே ஆளப்படும் என்று அந்த உடன்படிக்கையின் முதல் விதி கூறிற்று. தந்தை வரைந்ததன்மேல் மகன் கையெழுத்து விழுந்தது.

அரசியல் நிர்ணய சபையின் விவாதத் தொகுதிகளில் ஒன்பதாவதும் பத்தாவதும் எல்லாப் பெரிய நூல்நிலையங்களிலும் கிடைக்கும். ஒன்பதாவதில் செப்டம்பர் 12-ஆம் தேதியையும், பத்தாவதில் அக்டோபர் 17-ஆம் தேதியையும் எடுத்து, பாஷையைப் பற்றியும் காஷ்மீரத்தைப் பற்றியும் இன்று தீவிரமாகப் பேசுகிற நம் இளைஞர்கள், எந்தத் தரப்பைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், அய்யங்காரின் அந்த இரண்டு உரைகளையும் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துவிட்டுப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.